தமிழ்ப் புத்தகத்துக்கு முதல் அட்டை: வடிவமைப்பு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வடிவமைப்புப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். மூன்றாவது செமஸ்டரில் புத்தக அட்டைதான் எங்கள் பெரிய பாடவேலை. அப்போது நான் செய்தேன். அதன்பிறகு இரண்டு வருடமாக ஜூனியர்கள் செய்யும்போது கூட உட்கார்ந்து பார்த்துவருகிறேன். தடுமாறும் இடம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒன்றுதான். முதல் நாளே படம் தேட ஆரம்பிக்கிறார்கள். படம் அட்டை முழுக்க நிறைந்த பிறகு, மிச்சமிருக்கும் மூலையில் தலைப்பைச் சொருகுகிறார்கள். தமிழ்த் தலைப்பு அப்படிச் சொருகினால் அடங்காது. மேலே விலங்கு ('கி', 'டி' போன்றவற்றில் மேலே வளையும் குறி) ஏறும், கீழே வால் இறங்கும், சொல்லும் நீளம். எழுத்துக்கு இடம் கொடுத்த பிறகே படத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்துக்காக அமைந்தது.

உதாரணமாக, போன வருடம் ஒரு ஜூனியர் பாடவேலைக்காகக் கற்பனையாக வைத்துக்கொண்ட தலைப்பையே எடுத்துக்கொள்கிறேன்: 'கொடிவழிக் கிணறு'. சிறுகதைத் தொகுப்பு, 176 பக்கம், டெமி அளவு. அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்து, முறை வைத்து இறைக்கும் ஒரு கிணறுதான் கதைகளின் நடுவில் இருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினியைத் திறப்பதற்கு முன் ஐந்து விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: புத்தகத்தின் வெட்டு அளவு, பக்க எண்ணிக்கை, உள்தாள் எது, அட்டைக்கு என்ன லேமினேஷன் (மேலே ஒட்டும் மெல்லிய படலம்), தலைப்பின் இறுதி எழுத்துக்கூட்டல்.

கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் கேட்பதில்லை. 'கொடிவழிக் கிணறு' என்பதில் நடுவே ஒரு 'க்' வருகிறது. ஆசிரியர் அனுப்பும் மின்னஞ்சலில் அது இருக்கும், ஒப்பந்தத்தில் இருக்காது. எது சரி என்று பதிப்பாசிரியரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அழகுக்காக ஒற்றெழுத்தை எடுக்கவோ சேர்க்கவோ வடிவமைப்பாளருக்கு உரிமை கிடையாது.

பொருள்கள் என்று பார்த்தால்: மில்லிமீட்டர் அளவுகோல், ஏ3 தாள், 2பி பென்சில், பட்டை நிப் பேனா அல்லது பட்டை மார்க்கர், வெட்டுக் கத்தி.

2. பிரதியைப் படியுங்கள், பெயர்ச்சொற்களை எழுதுங்கள்

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு அட்டை செய்தால் தலைப்புக்குத்தான் அட்டை வரும், புத்தகத்துக்கு வராது. முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் முதல் கதை, நடுவில் ஒன்று, கடைசிக் கதை மூன்றையாவது படியுங்கள்.

படிக்கும்போது உணர்ச்சிகளைக் குறிக்க வேண்டாம். 'சோகம்', 'இழப்பு' என்று எழுதி வைத்தால் பிறகு வரைய எதுவும் கிடைக்காது. கையால் தொடக்கூடிய பொருள்களை எழுதுங்கள். அந்த ஜூனியரின் பட்டியலில் இருந்தவை: வடக்கயிறு, சகடை, பாசி, தோண்டி, மோட்டார் ரூம் பூட்டு, கயிறு உராய்ந்து பள்ளம் விழுந்த கல். கடைசிப் பொருளை மறந்துவிடாதீர்கள், ஏழாவது படியில் வரும்.

3. அலமாரியைப் பாருங்கள்

ஒரு புத்தகக் கடைக்குப் போய், இதே வகைப் புத்தகங்கள் இருக்கும் அடுக்கின் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜனவரிப் புத்தகக் காட்சி இதற்கு நல்ல இடம். பழைய அட்டைகளைப் பார்க்க வேண்டுமானால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எட்டடி தள்ளி நின்று எந்தத் தலைப்பைப் படிக்க முடிகிறது, எதைப் படிக்க முடியவில்லை என்று இரண்டு பத்திகளாக எழுதுங்கள். அது போதும்.

4. அளவெடுத்து வெள்ளை டம்மி (அச்சிடாத மாதிரிப் புத்தகம்) செய்யுங்கள்

டெமி அளவு 5.5 × 8.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 140 × 215 மி.மீ. முதுகின் தடிமன் தாளைப் பொறுத்தது. 176 பக்கம் என்றால் 88 தாள். 80 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) மேப்லித்தோ என்ற அச்சுத்தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ இருக்கும். எனவே முதுகு சுமார் 9 மி.மீ.

விரித்த அட்டையின் அகலம் 140 + 9 + 140 = 289 மி.மீ. நான்கு பக்கமும் 3 மி.மீ ப்ளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீட்டிவிடும் நிறம்) சேர்த்தால் கோப்பின் அளவு 295 × 221 மி.மீ. ப்ளீட் எதற்கு? வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போகும். நிறம் சரியாக விளிம்பிலேயே முடிந்தால் வெள்ளைக் கோடு தெரியும்.

கணக்கோடு நிற்காமல், அச்சகத்தில் அதே தாளில் 88 கேட்டு வாங்கி, அழுத்திப் பிடித்து அளந்து பாருங்கள். நான் அளக்கவில்லை. என் பாடவேலையில் முதுகுக்கு அடர்சிவப்பும் முன்னட்டைக்கு வெளிர்மஞ்சளும் கொடுத்து, இரண்டும் மடிப்பில் துல்லியமாகப் பிரியும்படி செய்திருந்தேன். அச்சுக்குப் போகும்போது உள்தாள் தடிமனான நேச்சுரல் ஷேடு (இளமஞ்சள் சாயல்) தாளாக மாறிவிட்டது. முதுகு 2 மி.மீ கூடியது. சிவப்பு மடிப்பு வரை போய்ச் சேராமல், முதுகிலேயே மஞ்சள் கீற்று தெரிந்தது. ஐம்பது பிரதிகளும் அப்படித்தான். அன்றிலிருந்து நிற எல்லையை மடிப்பில் வைப்பதே இல்லை. முதுகு நிறத்தை முன்னட்டைக்குள் 8, 10 மி.மீ தாராளமாக ஓடவிட்டுவிடுவேன். 2 மி.மீ நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது.

வெள்ளை அட்டையில் டம்மி செய்து கையில் பிடித்துப் பாருங்கள். பெர்ஃபெக்ட் பைண்டிங் (தாள்களை முதுகில் பசையால் ஒட்டும் முறை) செய்த புத்தகத்தைத் திறக்கும்போது, முதுகை ஒட்டி முன்னட்டையில் 6, 7 மி.மீ தள்ளி ஒரு மடிப்பு விழும். அங்கே எழுத்து வரக்கூடாது. இந்த மடிப்பைத் திரையில் பார்க்க முடியாது, டம்மியில்தான் தெரியும்.

5. மென்பொருளைத் தமிழுக்குத் தயார் செய்யுங்கள்

முதல் வாரத்தில் ஸ்டுடியோவில் கண்ணீர் வருவது இங்கேதான். தலைப்பை ஒட்டியதும் 'கொ' உடைந்துவிடும். க-வுக்குப் பின்னால் கொம்பும் காலும் வரும், நடுவில் புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்று நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு எழுத்துருவில் இல்லை. கொம்பு யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, திரையில் முன்னால் காட்டப்பட வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் பகுதி மென்பொருளில் இயங்கவில்லை என்பதுதான் காரணம்.

அதை இயக்க, இன்டிசைனில் பாராகிராப் பேனல் மெனுவில் அடோபி வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் டைப் விருப்பங்களுக்குள் போய் இந்திய மொழி வசதிகளைக் காட்டும்படி செய்து, பிறகு தெற்காசியக் கம்போசருக்கு மாறுங்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இதேபோல மாற்ற வேண்டியிருக்கும். இலவச மென்பொருள் வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப்பும், ஸ்கிரைபஸின் 1.5.3 முதலான பதிப்புகளும் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன.

ஆசிரியரின் கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். மாற்றிய பிறகு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். காலும் 'ர'வும் இடம் மாறியிருக்கும், 'ஔ' என்பது 'ஒள' என்று இரண்டு எழுத்தாகியிருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் கண் தாண்டிப் போய்விடும்.

6. தலைப்புக்கு எழுத்து

இந்தப் படிக்கு மொத்த நேரத்தில் பாதியை ஒதுக்குங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

முதலில் கையால் எழுதுங்கள். பட்டை மார்க்கரால் ஏ3 தாளில் தலைப்பை முப்பது தடவை எழுதுங்கள். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டியதில்லை. தலைப்புக்குள் எந்த எழுத்து எங்கே இடம் கேட்கிறது என்று கைக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். 'கொடிவழிக்' என்று எழுதும்போதே 'கொ' மூன்று துண்டாகப் பரவுவதும், 'டி'யின் மேல்விலங்கு தலைக்கு மேல் வளைவதும், 'ழி' ஒன்றே மேலும் கீழும் நீள்வதும் புரிந்துவிடும். ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் கையால் எழுதிய தலைப்புகள் கிடைத்தால் எதிரில் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் ஒன்றுக்கொன்று எப்படி இடம் விட்டு நிற்கின்றன என்பதைப் பார்ப்பதற்காக மட்டும். நகலெடுக்க வேண்டாம்.

பிறகு எழுத்துரு. கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைப்பவற்றிலிருந்தே தொடங்கலாம், வணிக அச்சுக்கும் தடையில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ், டிரோ தமிழ், பலூ தம்பி ஆகியவற்றை ஒரே தாளில் தலைப்போடு அடித்து அச்செடுங்கள். அனேக் தமிழில் எழுத்தின் அகலத்தையும் குறைத்துக் கூட்டலாம் என்பதால் நீளமான தலைப்புகளுக்குக் கைகொடுக்கும். லதா எழுத்துருவைத் தவிருங்கள். அலுவலகக் கடிதங்களில் பார்த்துப் பழகிய எழுத்து அது, அட்டையிலும் அந்த நினைவைத்தான் கொண்டுவரும்.

தேர்வு செய்ய நான் பார்ப்பவை மூன்று. புள்ளி போதுமான அளவு பெரிதா? 'க்' மேலுள்ள புள்ளி சிறிதாக்கும்போது மறைந்தால் 'கொடிவழிக' என்றாகிவிடும். கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் தெரிகிறதா? கனமான எழுத்துருக்களில் 'ே'யின் உள்சுழி அடைந்துபோய் 'கே', 'கெ' ஆகிவிடும். காலும் 'ர'வும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? இந்த மூன்றிலும் தேறாத எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

அடுத்து வரி பிரித்தல். 'கொடிவழிக்' ஒரு வரி, 'கிணறு' ஒரு வரி. முதல் வரி 'க்'கில் முடிந்து அந்தரத்தில் நிற்கிறதே என்று பலருக்கும் உறுத்தும். நிற்கட்டும். இரண்டு வரிகளும் நெருங்கியிருந்தால் கண் அந்த 'க்'கைக் கீழே உள்ள 'கி'யோடு சேர்த்தே படித்துவிடும். வரிகளைத் தூரத் தள்ளினால்தான் பிழைபோலத் தெரியும்.

ஆனால் எவ்வளவு நெருக்கலாம்? ஜூனியர் இரண்டாவது வரியைக் கிணற்றுக்குள் இறங்கும் படிபோல வலப்பக்கம் தள்ளியிருந்தார். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'ழி'யின் வால் நேராகக் 'கி'யின் மேல்விலங்கில் போய் முட்டியது. ஆங்கில வரியிடைவெளிப் பழக்கத்தில் 36 புள்ளி (பாயின்ட் என்ற எழுத்தளவு) எழுத்துக்கு 40 புள்ளி வரியிடைவெளி கொடுத்திருந்ததுதான் காரணம். இடைவெளியைக் கூட்டினால் 'க்' அந்தரத்தில் தொங்கும், குறைத்தால் முட்டும். அன்று மாலை முழுக்க இதிலேயே போனது. கடைசியில் இரண்டாவது வரியை இடப்பக்கமாக நகர்த்தி, 'கி' சரியாகக் 'கொ'வின் கீழே வரும்படி வைத்தோம். கொம்பு, க, கால் மூன்றுக்கும் கீழே வால் கிடையாது. மேல்விலங்குக்குத் தேவையான காலி இடம் அங்கே ஏற்கனவே இருந்தது. 'று'வின் வால் கடைசி வரியில் இருப்பதால் யார் மீதும் இடிக்கவில்லை. வரியிடைவெளிக்கு எண்ணைத் தேடுவதற்கு முன் எந்த எழுத்தின் கீழே எந்த எழுத்து வருகிறது என்று பாருங்கள்.

எழுத்திடைவெளியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலத் தலைப்புகளைப் பார்த்து ட்ராக்கிங்கை (எழுத்துகளுக்கு நடுவே சீராக விடும் இடைவெளியை) கூட்டுகிறார்கள். உடனே 'கொ' என்பது 'ெ  க  ா' என்று மூன்று தனித்தனி உருவாக விலகிவிடும். ஓர் எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி எப்போதும் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இருப்பதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். ட்ராக்கிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, தேவைப்படும் இடத்தை மட்டும் கையால் சரிசெய்யுங்கள். அதேபோல எழுத்தைச் சாய்ப்பது, அகலவாக்கில் இழுப்பது இரண்டும் வேண்டாம். இழுக்கும்போது படுக்கைக் கோடு அப்படியே இருக்க, நிற்கும் கோடு மட்டும் தடித்துவிடும். ழ, ண இரண்டிலும் அது உடனே தெரியும்.

7. இப்போது படம்

தலைப்பு எவ்வளவு இடம் எடுக்கிறது என்று தெரிந்த பிறகு, மிச்ச இடத்தின் வடிவத்துக்குப் படம் யோசியுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, தலைப்பு சொன்னதையே படமும் சொல்வது. முதல் வரைவில் மேலிருந்து பார்த்த வட்டக் கிணறு ஒன்று இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்றால் கண்போலத் தெரிந்தது, இன்னும் தள்ளினால் நிலா. கிணறு என்று தலைப்பிலேயே இருக்கும்போது படத்திலும் கிணறு தேவையில்லை. பட்டியலுக்குத் திரும்பிப் போனோம். கயிறு உராய்ந்த கல் இருந்தது அல்லவா? அந்த ஜூனியர் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பங்குக் கிணற்றின் விளிம்புக் கல்லைப் படமெடுத்து வந்தார். கல்லில் இரண்டு பள்ளங்கள் அருகருகே, ஒன்று ஆழமாக, ஒன்று மேலோட்டமாக. இரண்டு வீட்டுக் கயிறு, இரண்டு அளவு தண்ணீர். கதைகள் முழுக்க இருந்த வழக்கு அந்தக் கல்லில் இருந்தது.

தொழில்நுட்பமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றே. முன்னட்டை முழுக்கப் படம் வந்தால் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 பிக்சல்) குறைந்தது சுமார் 1725 × 2610 பிக்சல் வேண்டும். இப்போதைய போன் கேமராவே அதைத் தாண்டும். ஆனால் அதே படம் வாட்ஸாப்பில் வந்தால் சுருங்கியிருக்கும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் கிடைத்த படத்தை, பாடவேலைதானே என்று போடாதீர்கள். நல்ல அட்டை ஒருநாள் உண்மையான புத்தகத்துக்குப் போகலாம், அன்றைக்குப் படத்தை மாற்றினால் அட்டையே மாறிவிடும்.

8. முதுகும் பின்னட்டையும்

முன்னட்டை முடிந்த களைப்பில் இவற்றை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். கடை அடுக்கில் புத்தகம் முதுகைக் காட்டித்தான் நிற்கும்.

9 மி.மீ முதுகில் இருபுறமும் 1.5 மி.மீ விட்டால் எழுத்துக்கு 6 மி.மீ கிடைக்கும், அதாவது 17 புள்ளி. அதற்குள் மேல்விலங்கின் உச்சி முதல் 'று'வின் வால் வரை அடங்க வேண்டும். ஆகவே 13 அல்லது 14 புள்ளிக்கு மேல் போக முடியாது. எழுத்து மேலிருந்து கீழாக ஓடட்டும். புத்தகத்தை முன்னட்டை தெரிய மேசையில் வைத்தால் முதுகு நேராகப் படிக்க வரும். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது வேண்டாம். 'கொ' வரும் இடம் அகலமாகி அடுக்கே சரிந்துபோகும்.

பின்னட்டைக் குறிப்பு 10 அல்லது 11 புள்ளியில், இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். இருபுறமும் சீராக்கினால் தமிழின் நீண்ட சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும். பார்கோடு முழு அளவில் 37.29 × 25.93 மி.மீ. 80 சதவீதத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகளாகவே வையுங்கள். அட்டையின் நிறத்தோடு பொருத்த முயன்றால் கடையில் ஸ்கேன் ஆகாமல் போகலாம்.

9. அச்சுக்கான கோப்பு

நிறங்களைச் சி.எம்.ஒய்.கே-வுக்கு (அச்சில் பயன்படும் நான்கு மை நிறங்களுக்கு) மாற்றிய பிறகு மறுபடி பாருங்கள். திரையில் ஒளிர்ந்த நீலமும் பச்சையும் மங்கியிருக்கும். மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் ஒரு படி மங்கும்.

சிறிய எழுத்துகள் எல்லாம் 100 சதவீதக் கறுப்பு மட்டுமே. நான்கு மையிலும் எழுத்து வந்தால், தகடுகள் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் நிறநிழல் விழும். அடர்நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மை உள்ளே பரவி முதலில் அடைவது புள்ளியும் கொம்பின் சுழியும்தான். ஒரு படி கனமான எழுத்துக்கு மாறுங்கள்.

எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிய பிறகு பிழை திருத்த முடியாது. எனவே திருத்தக்கூடிய கோப்பைத் தனிப் பெயரில் முதலில் சேமியுங்கள். அவுட்லைன் ஏன் அவசியம்? அச்சகத்தின் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. ஐந்தாவது படியில் பார்த்த உடைந்த 'கொ' அங்கே திரும்ப வரும், அதைக் கவனிக்க நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். பிடிஎஃபை இன்னொருவர் கணினியிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

10. சோதனை

உண்மை அளவில் ஒரு வண்ண அச்செடுத்து, வெட்டி, டம்மியின் மேல் ஒட்டுங்கள். எட்டடி தூரத்தில் வையுங்கள். பிறகு அதே அட்டையை 2 செ.மீ அகலத்துக்குச் சுருக்கி அச்செடுங்கள், இணையக் கடையில் வாசகர் பார்ப்பது கிட்டத்தட்ட அந்த அளவைத்தான். தலைப்பின் புள்ளிகள் இரண்டு அச்சிலும் தெரிய வேண்டும்.

தலைப்பு தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தயங்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். எங்கள் கேன்டீன் அண்ணன் 'கொடிவழி' என்று படித்து நிறுத்திவிட்டு, 'க்' இருக்கா தம்பி, தெரியலையே என்றார். புள்ளியை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினோம்.

11. பிராசஸ் புத்தகமும் ஜூரியும்

பிராசஸ் புத்தகத்தை (வேலை நடந்த விதத்தைக் காட்டும் தொகுப்பை) ஜூரிக்கு (வேலையை மதிப்பிடும் அமர்வுக்கு) முந்தைய இரவு உட்கார்ந்து தயாரிக்காதீர்கள். அன்றன்றைய அச்சைத் தேதி போட்டு ஒட்டி, ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதினாலே போதும். கைவிட்ட வரைவுகளும் அதில் இருக்க வேண்டும். 'ழி' முட்டிய தாள் உள்ளே இருந்தால், வரி ஏன் இடப்பக்கம் போனது என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

ஜூரியில் படத்திலிருந்து பேச்சைத் தொடங்குவதுதான் வழக்கம். நீங்கள் டம்மியை முதலில் கையில் கொடுங்கள். அவர்கள் திருப்பிப் பார்ப்பார்கள், முதுகைப் பார்ப்பார்கள், திறந்து மடிப்பைப் பார்ப்பார்கள். கேள்விகள் அங்கிருந்தே வரும். அளந்த தாள்கள் 88-ஐயும் கட்டி, பக்கத்தில் வைத்துவிடுங்கள்.